டிஷ்யூ பாக்கெட்டை நகர்த்தாதீர்கள்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு யார் வந்தாலும் முதல் நாள் தேக்கா உணவங்காடிக்குத்தான் (சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம்) கூட்டிப்போவேன். பெரியப்பா வந்தபோது, காலி மேசையில் கிடந்த டிஷ்யூ பாக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க" என்றார். யாரும் மறக்கவில்லை. நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதேதான். இங்கே அதற்கு 'ச்சோப்' என்று பெயர். குடை, தண்ணீர் பாட்டில் எது கிடந்தாலும் அந்த இடத்துக்கு ஆள் உண்டு என்று அர்த்தம். மறுநாள் பெரியப்பா தன் தோள்துண்டையே போட்டார். யாரும் தொடவில்லை.

மத்தியானக் கூட்டத்தில் முழு மேசை காலியாகட்டும் என்று நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். பாதி காலியாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காரலாம். முதலில் இடம், அப்புறம் வரிசை.

சைவக்காரர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 'கேரட் கேக்' என்ற பலகையைப் பார்த்து இனிப்பு என்று நினைக்காதீர்கள். அதில் கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்து, துண்டு போட்டு, முட்டை ஊற்றிப் பிரட்டுவார்கள். சீனக் கடை ரொஜாக் என்னும் பழ, காய்க் கலவையில் அன்னாசியும் வெள்ளரியும்தான் கண்ணுக்குத் தெரியும், மேலே ஊற்றும் கறுப்புக் குழம்பு இறால் விழுது. கங்கோங் கீரையை பிளாச்சான் என்னும் விழுது போட்டு வதக்கினால் அதிலும் இறால்தான். "இறைச்சி வேண்டாம்" என்றால் கடைக்காரர் இறைச்சியை மட்டும் விட்டுவிடுவார், இறால் அவர் கணக்கில் வராது. அதனால் இறால், மீன், முட்டை என்று பேர் சொல்லியே கேளுங்கள். பரோட்டாவுக்குக் கூடவே வருவது பெரும்பாலும் மீன் குழம்போ ஆட்டுக் குழம்போதான், பருப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் காப்பிக் கடையில் உஷார். 'கோப்பி' என்றால் இனிப்பான டின்பால் விழும். 'கோப்பி ஓ' என்றால் பால் இருக்காது, ஆனால் சீனி இருக்கும். பால், சீனி இரண்டுமே வேண்டாமென்றால் 'கோப்பி ஓ கோசோங்'. பெரியப்பா இரண்டு நாள் 'ஓ' குடித்துவிட்டு, "கடுங்காப்பி ஏன் பாயசம் மாதிரி இருக்கு?" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் இதற்கு நடவடிக்கை உண்டு. முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். தட்டு வைக்கும் அடுக்கில் ஹலாலுக்குத் தனி இடம், மற்றதற்குத் தனி இடம். பலகையைப் படித்துவிட்டு வையுங்கள். பன்றி இறைச்சி சாப்பிட்ட தட்டை ஹலால் பக்கம் வைப்பது, அபராதம் இல்லாவிட்டாலும், பெரிய சங்கடம்.

அப்புறம், கிளம்புமுன் அந்த உணவங்காடி திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். சுத்தம் செய்வதற்கென்று சில நாட்கள் மொத்தமாக மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகளும் நிறைய.