ஐஸ் ஹாக்கி டிராஃப்ட்: ஓர் இளம் முன்கள வீரரை மதிப்பிடுவது எப்படி?

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்ட் என்னும் வீரர் தேர்வில் இவை ஏழு சுற்றுகளாக, பெரும்பாலும் பதினெட்டு வயதை ஒட்டிய வீரர்களின் உரிமையைப் பெறுகின்றன. அந்த வயதுப் பையன் இருபத்து மூன்றாவது வயதில் எப்படி ஆடுவான் என்பதை முன்கூட்டிக் கணிப்பதுதான், அணிக்காக வீரர்களைத் தேடிப் பார்க்கும் ஸ்கௌட்டின் வேலை. முன்கள வீரர் என்றவுடன் எல்லோரும் கோல் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கோல்கள் எந்தச் சூழலில் வந்தன என்று கேட்கத் தொடங்கும்போதுதான் மதிப்பீடு தொடங்குகிறது. 2016 டிராஃப்டில் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி 39-ஆவதாகத் தேர்ந்தெடுத்த அலெக்ஸ் டெபிரின்கட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: பிறந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

டிராஃப்டு நடக்கும் ஆண்டின் செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரே டிராஃப்டில் முதன்முறையாக நிற்கும் இருவருக்கிடையே ஏறக்குறைய ஓர் ஆண்டு வயது வித்தியாசம் இருக்கக்கூடும். 1997 செப்டம்பர் 17-இல் பிறந்த ஆஸ்டன் மேத்யூஸ், இரண்டே நாள் வித்தியாசத்தில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டார். இடைப்பட்ட ஆண்டில் சுவிட்சர்லாந்துக்குச் சென்று சூரிக் அணியில் வளர்ந்த ஆட்களுக்கு எதிராக ஆடிவிட்டு, 2016-இல் முதல் ஆளாகத் தேர்வானார். டெபிரின்கட்டும் 1997 டிசம்பரில் பிறந்தவர்தான். அந்த ஆண்டு வரிசையில் அவர் மூத்தவர்களுள் ஒருவர் என்பதால், அவருடைய புள்ளிகளைச் சற்றுக் குறைத்தே எடைபோட வேண்டும்.

படி 2: புள்ளிகளைப் பிரித்துப் பாருங்கள்

ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் பக்கை (ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டு) தொட்டுக் கொடுத்த இருவர் வரை ஆளுக்கொரு புள்ளி. கடைசிப் பாஸைக் கொடுத்தவருக்கும் அதற்கு முந்தைய பாஸைக் கொடுத்தவருக்கும் அட்டவணையில் ஒரே மதிப்புதான் என்றாலும், உங்கள் குறிப்பேட்டில் அவை தனித்தனியாக இருக்கட்டும். அதேபோல, எதிரணி ஓர் ஆள் குறைவாக நிற்கும் பவர் பிளேயில் வந்த புள்ளிகளையும், ஐவருக்கு ஐவர் ஆடும்போது வந்தவற்றையும் பிரித்து எழுதுங்கள். மொத்தத்தைவிட ஓர் ஆட்டத்துக்கு எத்தனை என்ற கணக்கே பயன்படும். லீக்கும் முக்கியம்: கனடாவின் ஜூனியர் லீக்குகளில் பையன்கள் பையன்களோடு ஆடுகிறார்கள், சுவீடனின் முதல்நிலை லீக்கில் பதினேழு வயதுப் பையன் பத்துப் புள்ளி எடுத்தாலும் அது பெரிய செய்தி.

படி 3: பக்கத்தில் ஆடியவர் யார்?

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. என் கணிப்பில், எண்களை வைத்துச் செய்யும் வேலைகளில் இதற்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். டெபிரின்கட் 2014-15 பருவத்தில் கனடாவின் ஜூனியர் லீக்குகளுள் ஒன்றான ஓ.எச்.எல்.-இன் ஈரி ஆட்டர்ஸ் அணிக்காக 68 ஆட்டங்களில் 51 கோல்கள் அடித்தார். அதே அணியில் இருந்தவர், அந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த வீரரெனக் கருதப்பட்ட கானர் மெக்டேவிட். அந்தக் கோல்களெல்லாம் மெக்டேவிட் தட்டில் வைத்துக் கொடுத்தவைதானே என்ற ஐயம் எழுந்தது இயல்பே. இத்தகைய ஐயத்தைத் தீர்க்க வழி உண்டு. மெக்டேவிட் கை முறிந்து அந்தப் பருவத்தில் 47 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். ஆகவே அவர் இல்லாத ஆட்டங்களைத் தனியே எடுத்துப் பார்க்கலாம். அடுத்த பருவத்தில் அவர் என்.எச்.எல்.-இன் எட்மண்டன் அணிக்குச் சென்றுவிட்டார். டெபிரின்கட் 60 ஆட்டங்களிலேயே மீண்டும் 51 கோல்கள் அடித்து, 101 புள்ளிகளை எட்டினார். ஆட்டத்துக்கான விகிதம் குறையவில்லை, கூடியது. ஆனாலும் 2015 டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்வான டிலன் ஸ்ட்ரோம் அப்போதும் ஈரி அணியில் இருந்தார் என்பதால், ஐயம் முழுதாக நீங்கியது என்று அப்போதே எழுதியிருந்தால் அது அவசரமாக இருந்திருக்கும்.

படி 4: பக்கை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்

அரங்கில் சற்று உயரமான இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம் வசிக்கும் வாசகர்கள், ஓஷாவா ஜெனரல்ஸ் அரங்குக்குச் சென்றால் ஓ.எச்.எல். ஆட்டத்தை நேரில் பார்க்கலாம். ஒரு வீரர் தொடர்ந்து களத்தில் நிற்பது முக்கால் நிமிடம் போலத்தான். அந்த நேரம் முழுவதும் உங்கள் கண் அவரை விட்டு அகலக் கூடாது.

ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். நமது வீரர் தம் அணியின் பகுதியில், பக்கவாட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறார். பின்களத்திலிருந்து பக் சுவரோரமாக அவரை நோக்கி வருகிறது. எதிரணித் தடுப்பாளர் அவர்மேல் மோதப் பாய்ந்து வருகிறார். பக் ஸ்டிக்கில் படுவதற்கு முன்பே அவர் தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்தாரா? பார்த்திருந்தால், நடுவில் ஓடிவரும் சென்டரிடம் (நடு முன்கள வீரர்) ஒரே தட்டில் பக்கைத் தள்ளிவிடுவார், அல்லது முதுகைக் கொடுத்து மோதலைத் தாங்கி, பக்கைக் காலருகே காத்துக்கொள்வார். பார்க்காதவர் பதறிப்போய்ச் சுவரோரமாகவே பக்கை அடித்து அனுப்பிவிடுவார். அது நேராக எதிரணிக்குப் போய்ச் சேரும். ஒன்றரை நொடியில் முடிந்துபோகும் இந்தக் காட்சி எந்தப் புள்ளி அட்டவணையிலும் வராது. ஆனால் என்.எச்.எல்.-இல் நிலைப்பவரையும் நிலைக்காதவரையும் பிரிப்பதில் இதற்குப் பெரிய பங்குண்டு.

பக்கைப் பறிகொடுத்த பின் அவர் ஸ்கேட்டின் பிளேடை ஊன்றி நின்று உடனே திரும்புகிறாரா, அகலமாக வளைந்து சாவகாசமாக வருகிறாரா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோலுக்கு முன்னுள்ள நெரிசலுக்குள் நுழைந்து அடிக்கிறாரா, தொலைவிலிருந்தே அடிக்கிறாரா என்பதும் தேவை.

படி 5: உயரமும் ஸ்கேட்டிங்கும்

டெபிரின்கட்டின் உயரம் 5 அடி 7 அங்குலம்தான். முதல் சுற்று முழுவதும் அவர் தேர்வாகாமல் போனதில் இதற்குப் பெரும் பங்குண்டு. உயரத்தை அளந்து எழுதுவதோடு நிற்காமல், பெரிய உடல்களுக்கிடையே அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எதிராளியின் ஸ்டிக்கைக் கீழிருந்து தூக்கிப் பக்கை எடுக்கத் தெரிந்த சிறிய வீரர் தப்பித்துக்கொள்வார். ஸ்கேட்டிங்கில் உச்ச வேகத்தைவிட முதல் மூன்று எட்டுகளைக் கவனியுங்கள். குறை தெரிந்தாலும் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். 2014-இல் 79-ஆவதாகத் தேர்வான பிரேடன் பாயின்ட், தம்பா பே அணியில் ஸ்கேட்டிங்கை மேம்படுத்திக்கொண்டு, 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் அணி என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃப்பில் தலா 14 கோல்கள் அடித்தார். கால்களைப் பயிற்சியால் திருத்தலாம். ஆட்டத்தைப் படிக்கும் அறிவை அந்த வயதுக்குப் பின் ஊட்டுவது மிகக் கடினம்.

பஃபலோவில் நடக்கும் உடல்திறன் சோதனை முகாமைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். அங்கே சைக்கிள் மிதிக்கிறார்கள், பிடிவலிமையை அளக்கிறார்கள். பனியில் யாரும் இறங்குவதில்லை.

படி 6: அறிக்கை

ஒரு பக்கம் போதும். முதல் வரியில் அவர் எந்தப் பங்கை வகிப்பார் என்று துணிந்து எழுதுங்கள்: ஒன்றாகக் களமிறங்கும் மூவர் குழுக்களான லைன்களில் முதல் இரண்டில் கோல் அடிப்பவரா, மூன்றாம் லைனில் தடுத்தாடுபவரா? அடுத்த வரியில் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைக் குறிப்பிடுங்கள், ஏனெனில் காத்திருக்கும் காலமும் அணிக்குச் செலவுதான். டெபிரின்கட் தேர்வான பின்பும் ஓர் ஆண்டு ஈரியிலேயே ஆடி 65 கோல்கள் அடித்துவிட்டு, 2017-18-இல் சிகாகோவுக்கு வந்து தம் முதல் பருவத்தில் 28 கோல்கள் அடித்தார். ஆகவே 2016-இல் அவரைப் பற்றி எழுதப்படும் அறிக்கையில், பங்கு என்ற இடத்தில் ‘கோல் அடிக்கும் விங்கர்’ (ஓர முன்கள வீரர்) என்றும், காலம் என்ற இடத்தில் ‘ஓராண்டு முதல் ஈராண்டு’ என்றும் இருந்திருந்தால் அது நல்ல அறிக்கை.