மைனர் லீக் எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பேஸ்பாலில் மேஜர் லீக்தான் உச்சம்; அதற்கு ஆட்களைத் தயார்செய்யும் கீழ் நிலைகள்தான் மைனர் லீகுகள். 2005-இல் 20 வயது பிராண்டன் வுட் அவற்றில் ஒன்றான கலிஃபோர்னியா லீகில் 43 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே தூக்குவது) அடித்தார். அவரை வைத்திருந்த மேஜர் லீக் அணியான ஏஞ்சல்ஸின் ரசிகர்கள் அடுத்த பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று நினைத்தார்கள். மேஜர் லீகில் கடைசி வரை அவர் அடித்தது 18 ஹோம் ரன்தான். சராசரி .186. அதாவது, நூறு முறை மட்டை பிடித்தால் 19 ஹிட்கூட (பந்தை அடித்து ஓடி, குறைந்தது முதல் பேஸையாவது எட்டுவது) தேறவில்லை.

ஹோம் ரன் எண்ணிக்கையில் மயங்கி, ஸ்ட்ரைக் அவுட் எண்ணிக்கையைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. அடிக்கத் தவறிய பந்தும், அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்தும் விட்டுவிட்ட பந்தும் ஸ்ட்ரைக்; மூன்று விழுந்தால் அவுட். வுட் அந்த வருஷமே 128 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். மறு வருஷம் ஒரு படி மேலான டபுள்-ஏ-வில் 149. கீழ் நிலைகளில் பிட்சருக்கு (பந்து வீசுபவர்) வேகம் இருக்கும், ஆனால் ஸ்லைடர் (கடைசி நேரத்தில் பக்கவாட்டில் வளையும் பந்து) நினைத்த இடத்தில் விழாது. தவறி நடுவில் வந்தால் வெளியே தூக்கிவிடலாம். மேலே போகப் போக அதே ஸ்லைடர் ஸ்ட்ரைக் மாதிரியே கிளம்பி, மட்டை சுழலும் நேரத்தில் வெளியே நழுவும். ஒரு பேட்டர் அதைத் துரத்துகிறார் என்று தெரிந்துவிட்டால் லீக் முழுக்க அதையே போடுவார்கள். 2010-இல் வுட்டுக்கு மூன்றாவது பேஸைக் காக்கும் இடத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், சராசரி .146.

அடித்த இடத்தையும் கவனிக்க வேண்டும். அன்றைய கலிஃபோர்னியா லீகில் லங்காஸ்டர், அடெலான்டோ இரண்டும் பாலைவனக் காற்று வீசும் ஊர்கள். மேஜர் லீகுக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏ-வில் ஆல்புகர்க்கி 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் போகும். தட்டையான பிட்சில் அடித்த சதத்தை நாம் எந்தக் கண்ணால் பார்ப்போமோ, அதே கண் இங்கேயும் வேண்டும். வயதும் அப்படித்தான்: 24 வயதுக்காரர் 19 வயதுப் பிட்சர்களை வெளுத்தால் பெரிதாக ஒன்றுமில்லை.

என் கணக்கில் அதிகம் பேர் ஏமாறுவது வாக் (எல்லைக்கு வெளியே நான்கு பந்து வந்தால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) எண்ணிக்கையில்தான். கீழே பிட்சர்களுக்கே ஸ்ட்ரைக் விழாது. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாலும் வாக் கிடைக்கும். அதைப் பொறுமை என்று எழுதிவிடுகிறோம். நல்ல ஸ்ட்ரைக் வரும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

அப்புறம் வேகம். பில்லி ஹாமில்டன் 2012-இல் மைனர் லீகுகளில் 155 பேஸ் திருடினார் (பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), அது சாதனை. அந்த வேகம் மேலேயும் செல்லுபடியானது. மேஜர் லீகில் சின்சினாட்டி அணிக்காக 2014 முதல் நான்கு வருஷம் தொடர்ந்து 50-க்கு மேல் திருடினார். ஆனால் முதல் பேஸை யாரும் திருட முடியாதே! பத்து முறை மட்டை பிடித்தால் மூன்று முறைகூட அவரால் பேஸை எட்ட முடியவில்லை. கீழே அவசரத்தில் தவறாக வீசும் ஷார்ட்ஸ்டாப்கள் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்கள்) உண்டு; மேலே அந்தச் சலுகை கிடையாது.

இதற்கு நேரெதிர்த் தவறும் நடக்கிறது. ஹொசே அல்டுவே ஐந்தரை அடி உயரம். தேர்வு முகாமில் ஆஸ்ட்ரோஸ் அணியின் ஆட்கள் குள்ளம் என்று முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் வந்து நின்றார். 15,000 டாலருக்கு ஒப்பந்தமானார். பந்தை மட்டையில் பட வைக்கும் அவர் திறமை எந்த நிலையிலும் குறையவில்லை. 2017-இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.