கறையான் எறும்பு இல்லை: ஒரு காலைப்பொழுதில் நீங்களே பார்க்கலாம்

கறையானை நாங்கள் செல் என்போம். எங்கள் வீட்டில் "செல் பிடிச்சிருச்சு" என்று குரல் கேட்டால் அடுத்த கேள்வி மண்ணெண்ணெய் எங்கே என்பதுதான். நானும் பல வருடம் ஊற்றி அழித்தவன்தான். ஒரு நாள் பாட்டில் காலியாக இருந்ததால் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், குச்சி, மெல்லிய தூரிகை, வெள்ளைத் தாள், நீல நிற பால்பாயிண்ட் பேனா, பென்சில்.

படி 1: மரத்தைத் தேடுங்கள்

மழை பெய்த மறுநாள் காலை நல்ல நேரம். வேம்பு, புளி, தென்னை என எதன் அடிப்பகுதியிலாவது மண் பூசியதுபோல ஒரு படலம் ஏறியிருக்கும். பெரும்பாலும் அது ஓடொன்டோடெர்மெஸ் இனக் கறையானின் வேலை. உள்ளே அது தின்பது காய்ந்த மேல்பட்டையைத்தான், அதனால் மரத்துக்காகப் பதற வேண்டாம். பக்கத்தில் எறும்புச் சாரி போனால் வேறு மரம் பாருங்கள். புற்றைக் கிளற மட்டும் போகாதீர்கள். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை வெறும் பழமொழி அல்ல.

படி 2: ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டுங்கள்

அவ்வளவு போதும். சுரண்டியதும் வெளிறிய கூட்டம் ஒன்று சிதறி உள்ளே ஓடும். கண் இமைக்காமல் காத்திருங்கள். முதலில் எட்டிப் பார்ப்பவை பெரிய பழுப்புத் தலையும் கொடுக்குபோன்ற தாடையும் கொண்ட சிப்பாய்கள். ஓட்டையின் விளிம்பில் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். அந்தத் தாடையால் கடிக்க முடியும், தானாக இரை தின்ன முடியாது. வேலைக்காரக் கறையான்தான் ஊட்டிவிட வேண்டும்.

அப்புறம்தான் கொத்தனார்கள் வருவார்கள். ஒவ்வொன்றும் வாயில் ஒரு மண் பருக்கையைக் கொண்டுவந்து, எச்சிலால் நனைத்து, விளிம்பில் அழுத்தி வைத்துவிட்டு, திரும்பிப் போகும். இன்னொன்று வரும். மேஸ்திரி யாரும் கிடையாது, கண்ணும் கிடையாது. தோல் மெல்லியது என்பதால் காற்றும் வெயிலும் பட்டால் காய்ந்து செத்துவிடும். எறும்பு கண்டால் இன்னும் சீக்கிரம். அதனால்தான் இந்த அவசரம். ஓட்டை மெல்ல உள்ளாகச் சுருங்குவதைப் பார்க்க, நான் முதல்முறை தேநீரை ஆறவிட்டேன்.

படி 3: லென்ஸில் இடுப்பைப் பாருங்கள்

உதிர்ந்த மண்ணோடு விழுந்த ஒன்றைத் தூரிகையால் தாளுக்கு எடுங்கள். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல மடங்கும். இதற்கு இடுப்பே இல்லை. உணர்கொம்பு மணி கோத்ததுபோல நேராக இருக்கும். இதன் சொந்தம் கரப்பான். 2007இல் வெளியான மரபணு ஆய்வு கறையான்களைக் கரப்பான் வரிசைக்குள்ளேயே வைத்தது. இன்னொரு வித்தியாசம் லென்ஸில் தெரியாது: வேலைக்கார எறும்புகள் எல்லாம் பெண்கள், கறையானில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உழைக்கும்.

படி 4: பேனாக் கோடு

இதற்கு உளுத்த கட்டையைத் தின்னும் கறையான் வேண்டும். தாளில் பேனாவால் வளைந்த கோடு ஒன்று, பென்சிலால் இன்னொன்று போட்டு, மை உலர்ந்ததும் நாலைந்தை விடுங்கள். கோப்டோடெர்மெஸ் போன்ற இனங்கள் மைக் கோட்டைப் பிடித்து நடக்கும், பென்சில் கோட்டைச் சட்டை செய்யாது. சில பால்பாயிண்ட் மைகளில் இருக்கும் பீனாக்சிஎத்தனால் என்ற வேதிப்பொருள், வயிற்றின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து அவை தரையில் இழுத்துப்போகும் வழிவாசனை மாதிரியே அவற்றுக்குத் தோன்றுகிறது. எல்லாப் பேனாவும் ஏமாற்றாது. இரண்டு மூன்று மாற்றிப் பாருங்கள். ஜெல் பேனா வேண்டாம்.

முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

படி 5: ஈசல் இரவு

ஈசல் என்பது இறகு முளைத்த கறையான்தான். இதற்கு நாள் குறிக்க முடியாது, மழைதான் குறிக்கும். விளக்கடியில் ஈசல் குவியும்போது விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோரம் சாய்த்துப் பிடியுங்கள். இறகை உதிர்த்தபின் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மட்டும் ஒட்டி நடக்கும். முன்னால் போவது பெண். ஆண் எறும்பு சேர்ந்ததும் செத்துவிடும், இங்கே ராஜா சாகும்வரை ராணியோடு அதே அறையில்தான். அந்த ஜோடி ஈர மண்ணில் இடுக்கு தேடுவதைப் பின்தொடருங்கள். வீட்டுச் சுவர் பக்கம் திரும்பினால் மட்டும், சரி, கொஞ்சம் வழி மாற்றிவிடலாம்.