கொல்லை ஆப்பிள் மரத்தை ஒரு வருஷம் பார்ப்பது எப்படி

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கிக் குடிபோகிற நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கொல்லையில் ஒரு கிழட்டு ஆப்பிள் மரம் நிற்கிறது. பழத்தை வாயில் வைக்க முடியவில்லை, அப்படிப் புளிக்கிறது. வெட்டிவிடலாமா?" எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஒரு வருஷம் பொறுங்கள், அந்த ஒரு வருஷமும் மரத்தைப் பாருங்கள். எப்போது, எதை, எங்கே நின்று பார்ப்பது என்று கீழே சொல்கிறேன்.

நான் இருப்பது நாட்டிங்ஹம் பக்கம். எங்கள் கொல்லையில் நிற்பது பிராம்லி. உங்களுடையதும் காய் பெரிதாக, பச்சையாக, கொஞ்சம் தட்டையாகவும் கோணலாகவும் இருந்தால் அநேகமாக அதுதான். இது சமையலுக்கென்றே இருக்கிற ஆப்பிள். புளிப்பு அதன் குணம், மரத்தின் குறை இல்லை.

சித்திரை பிறக்கும்போது ஆரம்பியுங்கள். இங்கே அப்போது மொட்டுகள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கும். வருஷத்துக்கு வருஷம் ஒரு வாரம், பத்து நாள் முன்பின் ஆகலாம். கண் உயரத்தில் இருக்கும் ஒரு கொத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துச் சிறுகிளையில் ஒரு சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். மரம் முழுவதையும் பார்த்தால் கண் எதிலும் நிற்காது. ஒரு கொத்தைப் பின்தொடர்ந்தால் மரமே பிடிபட்டுவிடும்.

கொத்துக்கு ஐந்தாறு மொட்டுகள் இருக்கும், எல்லாம் அடர்ந்த ரோஜா நிறத்தில். நடுவில் இருப்பது முதலில் மலரும். சுற்றியுள்ளவை அடுத்தடுத்த நாட்களில் திறக்கும். இதழின் உட்புறம் வெள்ளை, வெளிப்புறம் ரோஜா. அதனால் பாதி மலர்ந்த கொத்தில் ஒரே நேரத்தில் இரண்டு நிறமும் தெரியும். முழுக்கப் பூத்த மரத்தை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கோ இந்தப் பாதி மலர்ந்த இரண்டு மூன்று நாட்கள்தான் உச்சம். காலையில் ஒரு முறை மாடி ஜன்னலிலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். மாலையில் மரத்தடிக்குப் போய், சாயும் வெயிலுக்கு எதிராக அண்ணாந்து பாருங்கள். வெயில் ஊடுருவும்போது இதழில் ஓடும் நரம்புகள் வரை தெரியும்.

நண்பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது தேனீக்களைப் பார்க்கலாம். பெரிய பம்பிள் தேனீக்கள் குளிரிலும் கிளம்பி வந்துவிடும். பிராம்லியின் மகரந்தம் பெரும்பாலும் பயன்படாது. வேறொரு ஆப்பிள் மரத்தின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். அதனால் உங்கள் மரம் காய்க்கிறது என்றால், வேலிக்கு அந்தப் பக்கம் யார் வீட்டிலோ இன்னொரு ஆப்பிள் மரம் இருக்கிறது. தேடிப் பாருங்கள், நான் அப்படித்தான் பின்தெருக்காரர்களோடு பழக்கமானேன். பூ விரிந்திருக்கும் இரவில் மைனஸ் 2 டிகிரிக்குப் போனால் பூ கருகிவிடும், அந்த வருஷம் காய் குறையும்.

இதழ் உதிர்ந்ததும் பலர் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். நல்ல கட்டமே இனிமேல்தான். நூல் கட்டிய கொத்துக்குப் போங்கள். பூவுக்கு அடியில் இருந்த பச்சைக் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கும். வானத்தைப் பார்த்து நின்ற பூ, பிஞ்சு கனக்கக் கனக்கத் தலைகீழாகத் தொங்கும். பூவின் வெளியே இருந்த ஐந்து பச்சைப் புல்லிகள் உதிர்வதில்லை; ஆப்பிளின் அடியில் இருக்கும் குழியில் காய்ந்து சுருண்டபடி அப்படியே இருக்கும். கடையில் வாங்கிய ஆப்பிளையும் கவிழ்த்துப் பாருங்கள், அங்கேயும் அந்தப் பூவின் மிச்சம் இருக்கும். அப்புறம் பழத்தைக் குறுக்கே வெட்டுங்கள், வழக்கம்போல மேலிருந்து கீழாக வேண்டாம். ஐந்து முனை நட்சத்திரமாக விதை அறைகள் தெரியும். இதழும் ஐந்து, அறையும் ஐந்து.

ஜூன், ஜூலையில் பிஞ்சுகள் பொலபொலவென்று கொட்டும். பயப்பட வேண்டாம், நோய் இல்லை. தாங்க முடிந்த அளவை வைத்துக்கொண்டு மரம் மீதியை உதிர்க்கிறது.

செப்டம்பரில் காயின் வெயில் பட்ட கன்னத்தில் சிவப்பு ஏறும். மேலே ஓர் இலை ஒட்டியிருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக, இலையின் வடிவத்திலேயே நின்றுவிடும். அப்படி ஒரு காய் கிடைத்தால் உடனே பறித்துவிடாதீர்கள், சில நாள் மரத்திலேயே இருக்கட்டும். அக்டோபரில் காயை உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் தூக்கித் திருகுங்கள். முற்றியது தானே கையோடு வரும். துருவி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி போட்டுச் சுருள வதக்கினால் மாங்காய்த் தொக்குக்குச் சமமாக இருக்கும். புளி சேர்க்க வேண்டியதில்லை. கீழே விழுந்த பழத்தையெல்லாம் கூட்டித் தள்ளாமல் கொஞ்சம் விட்டுவையுங்கள். ரெட் அட்மிரல் என்ற கறுப்பும் சிவப்புமான வண்ணத்துப்பூச்சி அழுகிய பழத்தைத் தேடி வரும். குளிர்காலத்தில் கரும்பறவைகள் வரும்.

இந்த மரத்தின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டிங்ஹம் மாவட்டத்தின் சவுத்வெல் ஊரில் 1809-இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறு பெண் விதை போட்டு வளர்த்த மரம்தான் முதல் பிராம்லி. பிறகு அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்கடைக்காரர் மாத்யூ பிராம்லி, ஒட்டுக்குக் கிளை கேட்டு வந்த ஹென்றி மெரிவெதரிடம், தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். விதை போட்டவளின் பெயர் காணாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த மரம் 1900-இல் புயலில் சாய்ந்து, மறுபடி வேர்விட்டு எழுந்தது. விதையிலிருந்து பிராம்லி அப்படியே வராது, ஒட்டு போட்டால்தான் வரும். ஆகவே உங்கள் கொல்லையில் நிற்பதும் அவள் மரத்தின் கிளைதான்.

இலை கொட்டிய பிறகு கையால் பாருங்கள். ஒரு கிளையின் நுனியிலிருந்து விரலை உள்நோக்கி நகர்த்துங்கள். மெல்லிய வளையச் சுருக்கங்கள் தட்டுப்படும் இடம் போன குளிர்கால மொட்டு இருந்த இடம். அதற்கும் உள்ளே அடுத்த வளையம், அதற்கு முந்தின வருஷம். மழை பொய்த்த வருஷம் இடைவெளி குட்டையாக இருக்கும். தட்டையாகக் கிளையோடு ஒட்டியிருப்பது இலை மொட்டு. உருண்டு, பஞ்சுபோல் மெத்தென்று இருப்பது பூ மொட்டு. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் அடுத்த சித்திரையில் எந்தக் கிளை பூக்கும் என்று ஜனவரியிலேயே சொல்லலாம்.

கிளை கழிக்க ஆள் வருவதும் அந்தச் சமயத்தில்தான். பக்கத்திலேயே நில்லுங்கள். பிராம்லி கிளை நுனியிலும் பூக்கும். எல்லா நுனியையும் ஒரே சீராக வெட்டித்தள்ளினால் பூ போச்சு. காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவற்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.