உள்ளங்காலில் கறுப்புத் தடமா? பயாப்சி ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் வயலில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்கு உள்ளங்காலில் கறுப்பாக ஏதாவது வந்தால், கால் ஆணி என்று சொல்லி பிளேடால் சீவிவிடுவார்கள். சீவாதீர்கள். நம்மைப் போன்ற நிறக்காரர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று வந்தால் பெரும்பாலும் பாதத்திலும் நகத்தடியிலும்தான் வரும். ஓரம் கோணல்மாணலாக இருக்கிறதா, நிறம் திட்டுத்திட்டாக மாறுகிறதா, வளர்கிறதா, ரத்தம் கசிகிறதா? ஒன்று இருந்தாலும் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போய்விடுங்கள். 'கத்தி பட்டால் பரவிடும்' என்று ஊரில் சொல்வதை நம்பி பயாப்சியை (சிறு துண்டு வெட்டியெடுத்து லேபில் பார்ப்பதை) தள்ளிப்போட வேண்டாம், பயாப்சியால் அது பரவுவதில்லை.

சரி, ரிப்போர்ட் வந்துவிட்டது. முதலில் தேட வேண்டியது 'பிரெஸ்லோ திக்னஸ்', அதாவது புற்று எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்ற கணக்கு. தோலின் மேலடுக்கில் ரத்தக் குழாயும் கிடையாது, நிணநீர்க் குழாயும் (சதையில் கசியும் தெளிந்த நீரை நெறிகளுக்குக் கொண்டுபோகும் குழாய்) கிடையாது, அதனால் அங்கேயே நிற்கும்வரை புற்றுக்கு வெளியே போக வழியில்லை ('இன் சிட்டு' என்று எழுதியிருந்தால் இதுதான், நிம்மதியான செய்தி). கீழடுக்கில் இரண்டும் இருக்கின்றன. கட்டி 1, 2 மி.மீ.க்கு மேல் வளர அதற்கென்று ரத்த ஓட்டம் வேண்டும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-லேயே எழுதினார். அதற்காகக் கட்டி விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து, கண்மாயிலிருந்து தன் வயலுக்கு மட்டும் கள்ள வாய்க்கால் வெட்டுகிறவன் மாதிரி, புதுக் குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதே குடும்பத்துப் புரதங்களான விஇஜிஎஃப்-சி, டி இரண்டும் நிணநீர்க் குழாய்களைக் கிளைக்க வைக்கின்றன, அவற்றின் சுவர் மெல்லியது என்பதால் புற்று செல்கள் சுலபமாக உள்ளே நுழைந்துவிடும்.

அடுத்து 'அல்சரேஷன்', அதாவது கட்டியின் மேல்தோல் உடைந்திருக்கிறதா என்பது. அப்புறம் 'லிம்போவாஸ்குலர் இன்வேஷன்': குழாய்க்குள்ளேயே புற்று செல் தென்பட்டதா? இந்த வரியே இல்லாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள்.

காலில் இருந்து நிணநீர் போவது முக்கியமாகத் தொடை இடுக்கு நெறிகளுக்கு, சில நேரம் முழங்காலுக்குப் பின்னாலும். நெறி கட்டியிருந்தால் பத்துப் போட்டுக் காத்திருக்காமல் ஊசி வைத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கையில் தட்டுப்படாவிட்டாலும் ஆழம் 1 மி.மீ.க்கு மேல் இருந்தால், கட்டியிருந்த இடத்தில் மருந்து ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துப் பார்க்கும் 'சென்டினல் நோட்' பரிசோதனை வேண்டுமா என்று கேட்கலாம்.

குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து குடல் புற்றில் பயன்படுகிறது, ஆனால் மெலனோமாவுக்கு வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. இங்கே முன்னால் நிற்பவை நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்துகள், ஆகவே வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்துவிட்டு பெவாசிசுமாபுக்காக அலையாதீர்கள். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் மட்டும் போதாது, லேபில் வெட்டியெடுத்த சதை இருக்கும் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.