நீர்க்கடுப்புக்குப் பார்லி தண்ணீர்: போடுவதும் குடிப்பதும்

முழு பார்லி 2 மேசைக்கரண்டி எடுத்து, கழுவிய நீர் தெளியும்வரை அலசுங்கள். 1 லிட்டர் தண்ணீர் விட்டு, அகலப் பாத்திரத்தில் சிறு தீயில் 40 நிமிடம் வேகட்டும். குக்கர் வேண்டாம், நுரை பொங்கி வெயிட் துவாரத்தை அடைத்துவிடும். தானியம் நசுங்கும் பதத்தில் வடிகட்டுங்கள். கஞ்சிபோலக் கெட்டியாக இருந்தால் வெந்நீர் கலந்து இளக்கிக்கொள்ளலாம். வெளியில் வைத்தால் மாலைக்குள் புளிக்கும், அதனால் அன்றன்றைக்கே போடுவது நல்லது. கோதுமைபோல் பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு, ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும்.

இது கிருமியைக் கொல்லாது. பலன் பெரும்பாலும் உள்ளே போகும் தண்ணீரால்தான். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்து, நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்த பெண்கள் கூடுதலாக 1.5 லிட்டர் குடித்தபோது தொற்று ஏறக்குறையப் பாதியானதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. கழிப்பறைக்குப் பயந்து துணிக்கடையிலும் பள்ளியிலும் தண்ணீரே குடிக்காமல் அடக்கி வைப்பதுதான் பலருக்கு வினை. 3 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போய்விடுங்கள்.

நெருஞ்சில் கஷாயம் சிறுநீரைப் பெருக்குவதற்காகத் தரப்படுவது. கர்ப்பிணிகளும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். எரிச்சல் உள்ள நாட்களில் காபி, டீயைக் குறையுங்கள். மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையை அழுத்தும். வாழைத்தண்டுப் பொரியல் அதற்கு உதவும்.

குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் பார்லியோடு காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகளுக்கு லேசான எரிச்சலுக்கும் இதே விதிதான்.