ஆர் தொகுப்புகளை டெபியனுக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் மொழிக்கு க்ரான் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான தொகுப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றை, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவக்கூடிய பொதியாக்குவது பார்வைக்குச் சுலபம். டிஎச்-மேக்-ஆர் கருவி, தொகுப்பின் விவரங்கள் அடங்கிய டிஸ்கிரிப்ஷன் கோப்பைப் படித்து, வேண்டிய கோப்புகளைச் சட்டென்று எழுதிக் கொடுத்துவிடும். அந்த வரைவை முடிந்த வேலையாக நம்பிவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் சார்புகள், அதாவது தொகுப்புக்குத் தேவைப்படும் பிற மென்பொருள்கள். மற்ற ஆர் தொகுப்புகள் எவை தேவை என்பதைக் கருவியே கண்டுகொள்ளும். ஆனால் ஆருக்கு வெளியே தேவைப்படும் நூலகங்களைச் சொல்லும் 'சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்' வரியில் ஆசிரியர் எதை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். வரைபடத் தரவைக் கையாளும் எஸ்எஃப் தொகுப்பில் அந்த வரி ஜிடால், ஜியோஸ், ப்ராஜ் என்று கேட்கும். டெபியனில் அவை லிப்ஜிடால்-டெவ், லிப்ஜியோஸ்-டெவ், லிப்ப்ராஜ்-டெவ். பொதியைக் கட்டத் தேவையானவற்றின் பட்டியலான பில்ட்-டிபெண்ட்ஸில் அவை சரியாக இருக்கின்றனவா என்று நாம்தான் பார்க்க வேண்டும். நம் கணினியில் அவை ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால் பில்ட் ஓடிவிடும், விடுபட்டது கண்ணில் படாது. எஸ்பில்ட் கருவியை வைத்துச் சுத்தமான சூழலில் கட்டிப் பார்க்காமல் எதையும் பதிவேற்றாதீர்கள்.

அதிகம் அடிபடும் இடம், உரிமங்களைப் பட்டியலிடும் காப்பிரைட் கோப்பு. டிஸ்கிரிப்ஷனில் ஜிபிஎல்-3 உரிமம் என்று ஒரே வரி இருக்கும். உள்ளே போனால், வேறொருவர் பிஎஸ்டி உரிமத்தில் எழுதிய சி கோப்பு இருக்கும். ஜெகொயரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் சுருக்கிய கோப்பும் கிடக்கும். புதிய பொதிகளை 'நியூ' வரிசையில் மனிதர்கள் உரிமம் உரிமமாகச் சரிபார்க்கிறார்கள். அவர்களுக்கு இது தப்பாது. ஜெகொயரியை நீக்கிவிட்டு, டெபியனில் ஏற்கெனவே இருக்கும் லிப்ஜேஎஸ்-ஜெகொயரிக்கு இணைப்புக் கொடுங்கள். ஆரின் பைனரித் தரவுக் கோப்புகளான ஆர்டிஏ கோப்புகள் இருந்தால், அந்தத் தரவு எங்கிருந்து வந்தது, எப்படி உருவானது என்று ரீட்மீ-சோர்ஸ் கோப்பில் எழுதுங்கள். பைனரிக்குள் என்ன இருக்கிறது என்பது படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

பதிப்பு எண் 1.7-0 என்றிருந்தால் இடைக்கோட்டைப் புள்ளியாக மாற்ற வேண்டாம், 1.7-0-1 என்பதே சரி (கடைசி 1 டெபியனின் திருத்த எண்). அப்புறம், சார்புகளில் கருவி வைத்துத் தரும் ஆர்-டிபெண்ட்ஸ் மாறியை எடுத்துவிட்டுக் கையால் எழுதாதீர்கள். 2020 ஏப்ரலில் ஆர் 4.0.0 வந்தபோது எல்லா ஆர் பொதிகளையும் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. பழைய பொதி புதிய ஆரோடு சேர்ந்துவிடாமல் தடுத்தது, பொதி எந்த ஆர் பதிப்போடு பொருந்தும் என்று சொல்லும் ஆர்-ஏபிஐ சார்புதான். அதை நிரப்பித் தருவது அந்த மாறி.

புதிய பதிப்பில் சி நிரல் முதன்முறையாக நுழைந்தால், ஆர்க்கிடெக்சர் வரியை 'ஆல்' (எல்லாக் கணினி வகைக்கும் ஒரே பொதி) என்பதிலிருந்து 'எனி' (ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே கட்டுவது) என மாற்ற மறக்காதீர்கள்.

கடைசியாக, சோதனைகள். ஒன்று தோற்றதும் எல்லாவற்றையும் அணைத்துவிடும் பழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காது. இது ஆராய்ச்சியாளர்கள் நம்பிக் கணக்குப் போடும் மென்பொருள். வலையிலிருந்து தரவு இறக்கும் சோதனையா? பில்டின்போது வலை கூடாது என்பது டெபியன் கொள்கை, எனவே அதை மட்டும் தவிர்க்கலாம். 32-பிட் ஐ386 கணினியில் கடைசித் தசமங்கள் மட்டும் வேறுபடுகின்றனவா? மிதவைப் புள்ளிக் கணக்கு அங்கே வேறு துல்லியத்தில் நடப்பதால் அப்படி வரலாம். ஆனால் காரணத்தை உறுதிசெய்த பிறகே வரம்பைத் தளர்த்துங்கள், அந்தத் திருத்தத்தை மூல ஆசிரியருக்கும் அனுப்புங்கள்.